வெள்ளிக்கிழமைச் சாம்பார்

மணிகண்டன் ஓமன் நாட்டுச் சலாலாவில் வந்து இறங்கிய அன்று, கம்பெனி அறையின் கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தது. சங்கிலி மாட்டிய அந்த இடைவெளியில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

"ஆரது?"

"கம்பெனில அனுப்புனாங்கண்ணே. புதுசா வந்த இன்ஜினியர்."

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே."

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், தன் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் மணிகண்டன். அந்தப் பெருமையில் சான்றிதழ் உறையை இடைவெளிக்குள் நீட்டினான். கண்ணாடிக்காரர் அதைத் தொடவேயில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் சங்கிலியை எடுத்தார்.

அவர்தான் தியாகராசா. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். சின்னக் கம்பெனி என்பதால் இன்ஜினியருக்கும் பிட்டருக்கும் ஸ்டோர் கீப்பருக்கும் ஒரே அறை.

"படிச்சது சந்தோசம் தம்பி. ஆனா இஞ்ச எல்லாரும் இருக்கிற மாதிரி இருந்தாக் காணும். புதுசா ஒண்டும் வேண்டாம்," என்றார்.

அறையில் எதுவும் புதிதாக இல்லைதான். சன்னலுக்கு வெளியே சலாலா மழைக்காலத்துச் சாரலில் மலை பச்சைப்பசேலென்று நின்றது. துபாயிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கார் ஓட்டி வந்து பார்த்துப் போனார்கள். அறையிலோ சன்னல் திரை மூடியே கிடந்தது. கட்டிலை நகர்த்தக் கூடாது. பாட்டுப் போட்டால் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை யார் முறை வந்தாலும் சாம்பார்தான். ஏன் என்று கேட்டதற்கு, பிட்டர் ராக்கப்பன் உதட்டில் விரல் வைத்து, "அது அப்படித்தான் மாப்ள. அண்ணன் மனசு கோணக் கூடாது," என்றார்.

தியாகராசாவுக்கு அந்திப்பொழுதில் ஊரிலிருந்து மனைவி குமுதினியின் அழைப்பு வரும். மகள் கஜந்தினி கலியாணமாகிக் கனடா போய்விட்டாள். வீட்டில் குமுதினி தனியாள்.

"இந்த முறையெண்டாலும் நான் வரட்டே?"

"பாப்பம், பாப்பம்," என்பார். போனை வைத்த பிறகு வெகுநேரம் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார்.

அந்த மாதம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சிறு வீடு காலியாகிறது, மனைவியை அழைத்துக்கொள்ளலாம், விசாவும் போட்டுத் தருகிறோம் என்றார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

"என்னண்ணே யோசனை? சரின்னு சொல்லிருங்க," என்றான் மணிகண்டன்.

"இந்தக் கம்பெனியில ஒருத்தரும் குடும்பத்தக் கூப்பிடேல்ல தம்பி. இவ்வளவு காலம் பெடியளோட இருந்திட்டு நான் மட்டும் தனி வீட்டுக்குப் போனா என்ன கதைப்பாங்கள்? வீண் சோலி."

மணிகண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தெருவிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள், பேருந்து நிறுத்தம் வரைக்கும் தலை நிமிராமல் நடந்தவன் அவன். முதல் ஆளாகப் போவதில் இருக்கிற பயம் அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சமையல் முறை மணிகண்டனுடையது. காலையில் மீன் சந்தைப் பக்கம் போனவன், அப்போதுதான் இறங்கிய வஞ்சிரத்தைப் பார்த்ததும் சாம்பாரை அடியோடு மறந்துவிட்டான். குழம்பு கொதித்து வாசனை எழுந்த பிறகுதான் நினைவு வந்தது. ராக்கப்பன் அடுப்படியில் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட! இன்னைக்கு உனக்குக் கலாஸ்!"

தியாகராசா தட்டைப் பார்த்தார். ஒரு வாய் வைத்தார். பிறகு தலை தூக்காமல் தின்றார். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடும். உண்மையச் சொன்னா, எனக்கு இந்தச் சாம்பார் துண்டாப் பிடிக்காது."

ராக்கப்பன் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "என்னண்ணே சொல்றீக? ஒங்களுக்காகத்தான வாராவாரம் வைக்கிறோம்! வந்த புதுசுல நல்லாருக்குன்னு சொன்னீகளே!"

"மரியாதைக்குச் சொன்னனான். உங்களுக்கு விருப்பமாக்கும் எண்டு நினைச்சுத்தான் சாப்பிட்டனான்."

"எனக்கா? அத மோந்தாலே கொமட்டுதுண்ணே!"

முதலில் சிரித்தது தியாகராசாதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குழம்புக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப இந்தத் திரை? பாட்டு?"

"எல்லாம் ஒங்களுக்குப் பயந்துதான்."

"அப்ப... நான் குமுதினியக் கூப்பிட்டா?"

"மொதல்ல கூப்பிடுங்கண்ணே! மூத்தவரே கூப்பிடலையேன்னுதான் நானும் எம் பொண்டாட்டி நாகவள்ளிகிட்ட பேச்சையே எடுக்காம இருக்கேன். அவ தெனம் திட்டுறா."

தியாகராசா கை கழுவினார். மேனேஜர் எண்ணை எடுத்துப் போனை மணிகண்டனிடம் நீட்டி, "நீர் கதையும்," என்றார்.

"நீங்கதாண்ணே பேசணும்."

மேனேஜர் எதிரில் நிற்பதுபோல் தியாகராசா சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "யெஸ் சார். வீடு வேணும் சார். மனிசி வாறா." வைத்ததும் நேரே போய்ச் சன்னல் திரையை விலக்கினார். சாரல் முகத்தில் அடித்தது. "நனைஞ்சிடும்" என்று முணுமுணுத்தாரே தவிர, மூடவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால்தான் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. ராக்கப்பன் கேட்டார், நாகவள்ளி வந்தாள். கலியாணம் முடிந்ததும் மணிகண்டன் கேட்டான், சந்தியா வந்தாள். சந்தியா வந்து இறங்கிய அன்று குமுதினி புட்டும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். பட்டம் வாங்கியதைப் போலவே இந்தச் சாப்பாட்டையும் மணிகண்டன் தன் வாழ்வின் பேறுகளில் ஒன்றாக வைத்திருக்கிறான்.

தியாகராசா இப்போதும் அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். ஸ்டோருக்குப் பின்னால் அந்தச் சிறு வீட்டில் குமுதினியுடன் வசிக்கிறார். யார் மணி அடித்தாலும் சங்கிலியை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார்.