முப்பத்தெட்டாவது கதவு

எங்கள் அப்பா கண்மூடி இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அப்பாவை வாசலில் கண்டால் ஒரு நொடி திக்கென்று இருந்திருக்கும். தெருவில் யார் காலமானாலும் வீடு வீடாக வந்து கேதம் சொன்னது அப்பாதான். கதவை மூன்று முறை தட்டுவார்கள், பெயரைச் சொல்வார்கள், உள்ளே வராமல் திரும்பிவிடுவார்கள். "உங்கப்பா சும்மா மோர் கேட்டு வந்தாக்கூட யாரு போயிட்டாகன்னுதாம்மா கேக்கத் தோணுது" என்பாள் எதிர்வீட்டுச் சித்தி. ஆள் ஏவிச் செய்யும் வேலையை இவர்கள் ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் மழுப்பியிருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா உடன்குடிக்கு மேற்கே பிறந்தார்கள். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர்கள். பள்ளி இறுதி முடித்து, ஒரே தங்கையைக் கரைசேர்க்கும் பொறுப்போடு எழுபதுகளின் கடைசியில் துபாய்க்குப் போனார்கள். ஜெபல் அலியில் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த சமயம். நிலம் அளக்கும் ஹெர்மன் என்ற ஜெர்மானியருக்கு உதவியாளாக டூட்டி. அவர் கருவியில் கண்ணை வைத்திருப்பார். அப்பா தூரத்தில் அளவுகோலைப் பிடித்தபடி அவருடைய கைஜாடைக்காக நிற்பார்கள்.

மத்தியான இடைவேளையில் வண்டி நிழலில் உட்கார்ந்து ஹெர்மன் தன் கிராமத்தைப் பற்றிப் பேசுவாராம். சுற்றிலும் காடு, நடுவில் முப்பத்தெட்டு வீடு, ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு ரொட்டி அடுப்பு. அடுப்பு மூட்டுவது வீட்டுக்கு ஒரு முறை. சாவு சொல்லப் போவதும் அதே வரிசையில் வீட்டுக்கு ஒரு முறை. பணக்காரர், ஏழை என்று விலக்கு கிடையாது. பல தலைமுறைக்கு முன் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது, சாவு சொல்லப் போனவர் கடைசி வீட்டுக்குப் போகுமுன் தாமே சுருண்டு விழுந்தாராம். சேதி போய்ச் சேராத அந்த ஒரு வீட்டு வாசலில், யாருடைய சாவைச் சொல்லக் கிளம்பினாரோ அந்த இறந்தவரே தினமும் பொழுது சாயும்போது வந்து தட்டினாராம். அதிலிருந்து ஒரு வீடு விடாமல் சொல்வது அந்த ஊர்க் கட்டுப்பாடு. "ஒன் ஹவுஸ் மிஸ், டெட் மேன் ஸ்டாண்ட் தேர்" என்று சொல்லிவிட்டு ஹெர்மன் ரொட்டியைக் கடிப்பாராம். இவர்கள் தங்கியிருந்த கேம்பிலும் முப்பத்தெட்டு ரூம்தான். அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

ஒரு குளிர்கால விடிகாலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி சைட்டையே மறைத்துவிட்டது. அப்பா அளவுகோலோடு தம் இடத்தில் நின்றார்கள். கைஜாடை தெரியவில்லை, கூப்பிட்டால் பதிலும் இல்லை. பனி விலகியபோது மூன்று காலில் கருவி மட்டும் நின்றது. ஹெர்மன் அதன் அடியில் மல்லாந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள்.

அவருக்கு அங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து எல்லோரும் கேம்புக்கு வந்ததும், அப்பா அவருடைய ஊர் வழக்கப்படியே ஒவ்வொரு ரூமாகத் தட்டிச் சொன்னார்கள். முப்பத்தேழு ரூம் ஆயிற்று. முப்பத்தெட்டில் ஸ்டோர் கீப்பர் முத்துக்குட்டி மாமா, காலில் கம்பி குத்தி, படுத்த படுக்கையாகத் தனியாக இருந்தார். அன்றுதான் அவருக்கு ஆண்பிள்ளை பிறந்ததாகத் தந்தி வந்திருந்தது. பிள்ளை பிறந்த சேதி வந்த நாளில் நம்மவர் யார் கேதம் சொல்வார்? அப்பா கதவு வரை போய்விட்டுத் திரும்பினார்கள். மற்றவர்களையும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தார்கள்.

நான்காம் நாள் சோறு கொண்டுபோன அப்பாவிடம் மாமா கேட்டாராம்: "அண்ணாச்சி, மூணு நாளா பொழுது சாயும்போது யாரோ கதவத் தட்டுதாங்க. மூணே தட்டு. நொண்டிக்கிட்டுப் போயித் தொறந்தா ஒரு ஆளையும் காணோம். மணல்ல ஹெர்மன் சார் பூட்ஸ் மாதிரியே தடம் ரெண்டு, கதவப் பாத்தாப்ல இருக்கு. வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல. ஹெர்மன் சாருக்கு எதுவும் ஆயிட்டா?"

அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதார்களாம். எல்லாவற்றையும் சொன்னபிறகு அந்தக் கதவை யாரும் தட்டவில்லை.

இதை அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள். நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். தகரக் கதவு வெயில் தணிந்ததும் சுருங்கிச் சத்தம் போட்டிருக்கும், காற்று மற்ற தடங்களை அழித்திருக்கும் என்றேன். "சரிம்மா" என்று சிரித்துக்கொண்டார்கள். வாதாடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு நடுவே என் கையைப் பிடித்து, "ஒரு வீட்டையும் விட்டுராத, தாயி" என்றார்கள். தலையாட்டினேன்.

ஆனால் விட்டேன். அப்பா இறந்த அன்று, தூத்துக்குடியில் அத்தை மகளுக்கு நான்கு நாளில் கல்யாணம். அப்பா கரைசேர்த்த அதே தங்கை. பந்தல் போட்டாயிற்று, மஞ்சள் இடித்தாயிற்று. முகூர்த்தம் முடியட்டும் என்று நானே முடிவு செய்தேன். அத்தை வீட்டாரைத் தவிர எல்லோருக்கும் சொன்னோம். அத்தை இல்லாமலே அப்பாவை எடுத்தோம்.

மூன்றாம் நாள் அந்தியில் அத்தையிடமிருந்து போன் வந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது.

"ஏட்டி, ரெண்டு நாளா வெளக்கேத்துற நேரத்துல யாரோ மூணு தடவ கதவத் தட்டுதாவ. பந்தலுக்குக் கொட்டுன மணல்ல செருப்புத் தடம் ரெண்டு, வீட்டப் பாத்தாப்ல கெடக்கு. வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல. வலது குதிகால் தேஞ்சிருக்கு. எங்க அண்ணன் செருப்புல்லா அது, ஏட்டி? ஆஸ்பத்திரில இருக்கவுக இங்க எதுக்கு வாசல்லயே நிக்காவ?"

மணல், காற்று என்று சொல்ல என்னிடம் ஏதேதோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, "அத்தை, அப்பா போயிட்டாக" என்றேன். அத்தை, "நீ சொல்லாட்டா என்னட்டி, அவுகளே வந்து நின்னுட்டாவ. நாந்தான் உள்ள கூப்பிடாம விட்டுட்டேன்" என்று கதறினாள். அதன்பிறகு அங்கே யாரும் தட்டவில்லை. கல்யாணம் மேளம் இல்லாமல் நடந்தது. உடன்பிறந்தவளைக் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க விடாத பாவி நான். அத்தை மன்னித்துவிட்டாள், என்னால்தான் என்னை மன்னிக்க முடியவில்லை.

அப்பாவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பாடை தூக்கிய தெருப்பிள்ளைகளுக்கும், தள்ளாத வயதில் பஸ் ஏறி வந்த முத்துக்குட்டி மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவசரத்தில் வேறு யாருக்காவது சொல்லாமல் விட்டிருந்தால், இந்த மலரையே நான் உங்கள் கதவை மூன்று முறை தட்டியதாக எடுத்துக்கொள்ளுங்கள். இது கைக்கு வருமுன் பொழுது சாயும் நேரத்தில் உங்கள் வாசலில் யாராவது வந்து நின்றிருந்தால், பயப்படாதீர்கள். இப்போதாவது வாசலைப் பார்த்து வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்பா ஆயுசு முழுக்க எந்த வீட்டுக்கும் கேதம் சொல்லப் போய் உள்ளே நுழைந்ததில்லை.