ரொட்டிக்காரர் குரல்

மூச்சு முட்டும் நோயாளியின் தொண்டையில் குழாய் செருகுவதில் பர்கானாப் பள்ளத்தாக்கிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நூர்மத் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் சொல்லாததால் அவரே சொல்லவேண்டியதாயிற்று. சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மயக்க மருந்து டாக்டர். எந்த அறைக்குள்ளும் தொப்பைதான் முதலில் நுழையும். அவர் மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. சிவப்பு மையில், அவர் கைப்பட: 'முகம் வெந்து வந்தால் மூன்றைப் பார். மூக்கு முடி கருகல், வாயில் கரி, குரலில் மாற்றம். இருந்தால் காத்திருக்காதே, தொண்டை வீங்கி அடைக்கும் முன் குழாயைப் போடு. இரண்டு முறைக்கு மேல் முட்டாதே, கழுத்தைத் திற.' இதை ஒப்பிக்காத நர்ஸுக்கு அவரிடம் தேநீர் கிடையாது.

ஒரு ஜனவரி காலையில் ரொட்டிக்காரர் சோத்வால்டி தன் காலாலேயே நடந்து வந்தார். குளிர்காலமல்லவா, கேஸ் வலுவில்லாமல் தந்தூர் அடுப்பு அணைந்துபோயிருக்கிறது. தலையை உள்ளே விட்டுத் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார், குப்பென்று பிடித்துக்கொண்டது. மனைவி ஹனிஃபா அவர் முகம் முழுக்கப் பாலாடையை அப்பிக் கூட்டி வந்திருந்தாள்.

“என்னய்யா, இன்னைக்கு ரொட்டிக்குப் பதிலா நீயே வெந்துட்டியா?” என்று கேட்டார் நூர்மத்.

“ரெண்டுக்கும் ஒரே அடுப்புதானே அண்ணே” என்றார் சோத்வால்டி. குரல் கரகரத்தது.

நூர்மத் பாலாடையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மூக்கு முடி கருகியிருந்தது. வாயில் கரி. ஆனால் நாளுக்கு இருநூறு தடவை அடுப்புக்குள் தலையை விடுகிற மனிதருக்குப் புருவமே என்றைக்கு முளைத்திருந்தது, மூக்கு முடி மட்டும் மிஞ்சுமா? மூக்கில் கரி இல்லாத சோத்வால்டியை அவர் பார்த்ததே இல்லை. தெருவில் கூவிக் கூவித் தொண்டையும் கட்டித்தான் இருக்கும். ரொட்டிக்காரன் என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார் மகாமேதை.

“களிம்பு போட்டுக்க. வீட்டுக்குப் போய்ப் படு. ரெண்டு நாள் அடுப்புப் பக்கமே போகாத” என்றார், அந்த அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.

ஹனிஃபா எழுந்திருக்கவில்லை. “டாக்டரண்ணே, இது இவரு குரல் இல்ல.”

“காலையிலேருந்து கூவுனா அப்படித்தாம்மா இருக்கும்.”

“பத்தொம்பது வருஷமா இந்தக் குரல்ல திட்டு வாங்குறவ நான். எனக்குத் தெரியாதா? இது வேற.”

டாக்டர் நீயா நானா என்று நூர்மத்துக்குச் சுருக்கென்றது. அவள் வாயை அடைக்கத்தான் ஒரு பியாலாக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி நீட்டினார். “குடிச்சுக் காட்டுய்யா இவளுக்கு.”

ஒரு மடக்கு. தேநீர் உள்ளே போகவில்லை, மூக்கு வழியாகவும் கடைவாய் வழியாகவும் வந்தது. சோத்வால்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல்லுக்குப் பதில் விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

கட்டிலில் கிடத்தி, மருந்து ஏற்றி, விளக்குப் போட்டுத் தொண்டைக்குள் பார்த்தால் வழியையே காணோம், வீங்கிய சதைதான் தெரிந்தது. ஒரு முறை முட்டினார். மறுபடி முட்டினார். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருக்க, வெட்கங்கெட்ட கை மூன்றாம் முறைக்கும் போனது.

“டாக்டர், ரெண்டு ஆச்சு. கழுத்து!” என்று நர்ஸ் ஜெபோ கத்தினாள். தேநீருக்காக ஒப்பித்தவள்தானே.

குரல்வளை மேட்டுக்குக் கீழே தடவிப் பிடித்து, கீறி, குழாயைச் செருகினார். ரத்தத்தோடு காற்று சீறியது. நெஞ்சு ஏறி இறங்கியது. நூர்மத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பை இடித்ததில் எழுந்திருக்க முடியாமல் ஜெபோதான் தூக்கிவிட்டாள்.

சோத்வால்டி பிழைத்துக்கொண்டார். ஊரே நூர்மத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. தினமும் முதல் ஈடு ரொட்டி அவர் வீட்டுக்கு வந்தது. ஒரு வாய்கூட அவருக்கு நிம்மதியாக இறங்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கடைக்கே போய், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்தார்.

“சோத்வால்டி, உன்ன நான் காப்பாத்தல. உன் பொண்டாட்டிதான் காப்பாத்துனா. நான் உன்ன வீட்டுக்குப் போன்னு சொன்னவன்யா. சாகத்தான் அனுப்பப் பாத்தேன்.”

சோத்வால்டி அடுப்புக்குள்ளிருந்து தலையை எடுத்தார். கழுத்தில் தழும்பு சிவந்திருந்தது. சுடச்சுட ஒரு ரொட்டியை எடுத்து நூர்மத் கையில் வைத்தார்.

“தெரியுமே அண்ணே” என்றார் கரகரவென்று. “அன்னைக்கு எனக்குக் குரல்தானே போச்சு? காது நல்லாத்தானே இருந்துச்சு.”