இடது ஏழு, வலது பன்னிரண்டு

கல்யாணமான ஏழாவது மாதம் என் கால்களில் புள்ளிகள் வந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பெருந்துறையில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றே பார்க்கும் வேலை. புள்ளிகளுக்கு முன்பே தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தது. வாய் காய்ந்தது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தியது. அழுதாலும் நீர் வரவில்லை. உடம்பின் காவலே தன் சுரப்பிகளைத் தாக்குகிற நோய் என்றார் கோயமுத்தூர் டாக்டர். தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் கசிவதால்தான் புள்ளிகளாம். வெந்நீர் கூடாது, ஈரத்தோலில் எண்ணெய் தடவ வேண்டும், உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், புள்ளிகளைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

குறிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒரு நோட்டில் தேதி, இடம், எண்ணிக்கை, நிறம். ஓரத்தில், 'ஷிப்ட் முடிந்ததும் அதிகம்.' தலைப்பு எழுதவில்லை. நோவுக்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு வருமே என்று இரண்டு வீட்டுக்கும் சொல்லவில்லை. கணவருக்கு மட்டும் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் வந்திருந்தான். நான் காபி போட்டு வருவதற்குள் அலமாரியிலிருந்த நோட்டைப் புரட்டியிருந்தான். கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார்.

"வாங்க மச்சான், எப்ப வந்தீங்க?"

அண்ணன் அவர் முகத்தில் குத்தினான். விழுந்தவரின் மார்பில் முழங்காலை ஊன்றி மறுபடி குத்தினான். பல் ஒன்று தரையில் தெறித்தது.

"நோவுண்ணா அது!" என்று கத்தினேன்.

"எந்த நோவு கண்ணு இடதுல ஏழு, வலதுல பன்னெண்டுன்னு எண்ணி வரும்? இவன் ஷிப்ட் முடிஞ்சு வந்தா அதிகம்னு நீயேதான எழுதி வெச்சிருக்கற!" புடவைக்குக் கீழே தெரிந்த கருநீலத்தைப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். "அழுகக்கூடப் பயந்துக்கிட்டு நிக்கற."

கண் எரிந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. அண்ணன் அவர் கழுத்தை நெரிக்கத் தொடங்கினான். கணவரின் குதிகால்கள் தரையில் உதைத்துக்கொண்டன.

அடுப்படிக்கு ஓடி இரும்புக் கரண்டியை எடுத்து வந்தேன். புள்ளி இல்லாத இடமாகப் பார்த்து, என் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தேன். அவன் திரும்பவில்லை. எலும்பில் படும்படி இன்னொரு முறை அடித்தேன். திரும்பினான்.

"அடிச்சா இப்படித்தான் ஆகும், பாரு. வீங்குது. இந்தப் புள்ளிக கடுகாட்டப் பொடியா இருக்குது, வீங்கவே இல்ல. அமுக்கிப் பாரு."

ஒரு கையால் புள்ளிகளை அழுத்தினான். நான் அசையவில்லை. அடிபட்ட இடத்தை அழுத்தினான். கத்திவிட்டேன். கணவரின் கழுத்திலிருந்து அவனுடைய மறு கை நழுவியது.

அவர் இருமிக்கொண்டே எழுந்தார். யார்மீதும் கை ஓங்கி நான் பார்த்திராதவர், அண்ணனின் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் விலகவில்லை.

"இன்னொன்னு போடுங்க மாப்பிள்ளை."

போட்டார். அண்ணனின் உதடு கிழிந்தது. பிறகு கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"கை வலிக்குதுங்க மச்சான்" என்றார்.