சி.ஐ.டி. அண்ணியின் துடைக்கும் துணி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். அவளுக்கு அதில் பெருமைதான். பால் பாக்கெட்டைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். தன் துடைக்கும் துணியைப் பொது அலமாரியில் வைக்க மாட்டாள், யாராவது மாற்றிவிடுவார்களாம். மொட்டைமாடியில், கடலைப் பார்த்த கம்பியில், கண்ணெதிரே காயப்போடுவாள்.

அந்த மாடிதான் அவள் ராஜ்ஜியம். அங்கே ஒரு பம்ப் கடல் காற்றை இழுக்கும்; காற்றிலிருக்கும் உப்புத்தூள் ஒரு தாளில் படியும். பக்கத்தில் வெயிலை அளக்கும் கருவி, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம் போலக் கண்ணாடி. காற்று பலமாக அடித்தால் அலை உடைந்து உப்புத் துளிகள் மேலே பறக்கும். அவை வெயிலில் ஒரு பங்கை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். தரைக்கு வருவது எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. காலையில் தாளை மாற்றுவதும் கண்ணாடியைத் துடைப்பதும் அவள் வேலை.

காற்றுக் காலம் தொடங்கியதும் கணக்கு உதைத்தது. தாளில் உப்பு கொஞ்சம்தான் கூடியிருந்தது. வெயிலோ தடாலென்று இறங்கியிருந்தது.

"கண்ணாடியை நீ ஒழுங்கா துடைக்கிறதில்லம்மா. இப்படியே போனா வேற ஆளைப் போட வேண்டியதுதான்" என்றார் அதிகாரி.

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. பயந்துபோனாள். ஆனால் மறுநாளிலிருந்து ஒரு விசித்திரம்: காலையில் இறங்கிக் கிடக்கும் அளவு மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள்!

மாடிக்கு வேறு யார் வருகிறார்கள்? பம்ப் மெக்கானிக். அவளுடைய சொந்தக் கொழுந்தன். அவன் பெண்டாட்டி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இது போதாதா? நேராக அதிகாரியிடம் போய்ப் போட்டுக் கொடுத்தாள்.

அதோடு விட்டாளா? மறுநாள் மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொழுந்தன் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கருவியின்மேல் குனிந்தான்.

"கையும் களவுமா மாட்டினியா?" என்று பாய்ந்தாள்.

அவன் கையில் ஈரத்துணி. காலடியில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர்.

"கத்தாதீங்க அண்ணி. உங்க துணி கடல் காத்துலயே காயுது. நீங்க துடைச்சா கண்ணாடி வெள்ளை பூத்துடுது. அதான் நான் வந்து மறுபடி துடைச்சுட்டுப் போறேன்."

"இதை என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நான் சொல்லி நீங்க எதை நம்பியிருக்கீங்க?"

அவள் கம்பியிலிருந்த துணியை உருவி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

"நாளைலேருந்து நல்ல தண்ணியில அலசி உள்ளேயே காயப்போடுங்க. என்னை இன்னையோட வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லிட்டார் ஆபீசர். யாரோ என்மேல புகார் கொடுத்திருக்காங்க." அவன் தயங்கினான். "உங்களுக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலையாச்சே. யாருன்னு கொஞ்சம் பாருங்க அண்ணி."

அவள் துணியோடு படியிறங்கி அதிகாரி அறைக்குள் நுழைந்தாள்.

அவர் நிமிர்ந்தார். "என்னம்மா, ஆளைப் பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன் சார்" என்று துணியை மேசைமேல் வைத்தாள். "நான்தான்."