ஜீனருக்குக் கொடுத்த அரை மில்லியாம்பியர்

கோலியனூர் கலையரசி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் பெட்டி செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் பெட்டி. அதனால் சொட்டுக் கரண்டையும் மிச்சம் பிடிப்பாள்.

பெட்டியின் சூட்டை அளக்க, அசையாத வோல்டேஜ் ஒன்று வேண்டும். அதைத் தருவது ஜீனர் டையோடு. அது அசையாமல் நிற்க ஐந்து மில்லியாம்பியர் ஓட வேண்டும் என்று அவள் படித்ததுதான். ஆனால் அரைதான் விட்டாள். சூடேற்றும் பல்பு குடிக்கிற கரண்டுக்கு முன்னால் இந்த மிச்சம் கால் தூசு பெறாது. சார்ஜரில் மாட்டிச் சோதித்தபோது சரியாகவே இருந்தது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

எதிர்வீட்டுச் செந்தாமரையின் கோழிகள் வெள்ளைக்கழிச்சல் நோயில் ஒன்று விடாமல் செத்தன. மிஞ்சியது, அவை முன்பே இட்ட நாற்பது முட்டைகள். அவற்றைக் கலையரசியின் பெட்டியில் வைத்தார்கள்.

பதினைந்தாம் நாள் புயல். மின்சாரம் போனது. விக்கிரவாண்டி ஓட்டல் ஒன்றில் ஜெனரேட்டர் ஓடியது. அங்கே கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டு வந்தாள். பெட்டியின் திரை மூன்று நாளும், முட்டைக்கு வேண்டிய 37.7 டிகிரி என்றே காட்டியது. மூன்றாம் நாள் ஒரு முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு போதவில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தாள். 36.

பேட்டரி இறங்க இறங்க அந்த அரையும் குறைந்து, ஜீனரின் வோல்ட் சரிந்திருந்தது. திரையும் அதை நம்பித்தான் அளக்கிறது. படியே சிறுத்துப்போனால் நெல்லின் அளவு சரியாக இருக்குமா?

"ஐயோ, நானே கொன்னுட்டேனே!"

சால்டரிங் அயர்னுக்கும் மின்சாரம் இல்லை. கேஸ் அடுப்பில் அதன் முனையைக் காய்ச்சி, ஜீனருக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்திய பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு கிலோ ஓம் வைத்தாள். சூடு ஏறியது. பெட்டியை விட்டு நகராமல், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

குஞ்சு வர வேண்டிய இருபத்தோராம் நாள் ஒன்றும் பொரியவில்லை. இருபத்து மூன்றாம் நாள் செந்தாமரை ஒரு முட்டையை உடைத்தாள். முழுதாய் வளர்ந்த குஞ்சு, செத்திருந்தது. உடைத்ததெல்லாம் அப்படித்தான்.

"அழாதம்மா. கரண்டு பூட்சின்னா நீ இன்னா பண்ணுவ?"

சரி என்று தலையாட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"கரண்டால இல்லக்கா. நான் வெச்ச ரெசிஸ்டராலதான். என் தப்பு."

செந்தாமரை கையிலிருந்த முட்டையோட்டைக் கீழே வைத்தாள்.

"மத்தவங்களுக்குச் செஞ்சு குடுத்த பொட்டியில?"

"பதினொரு பொட்டிக்கா. திண்டிவனத்துல, பெருமுக்கல்ல… எல்லாத்துலயும் அதேதான்."

"அதுலல்லாம் முட்டை கீதா?"

"கீதுக்கா."

"அப்ப இங்க இன்னாத்துக்கு அழுதுகினு குந்திகினு கீற? எழுந்து போடீ!"