யூனியன்வில் வீட்டின் முன்வாசல்

கனடாவில், யூனியன்வில்லில் நாங்கள் வாங்கிய வீடு ஒரு காலத்தில் பண்ணைவீடு. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் யாரோ ஒரு விவசாயி சிவப்புச் செங்கல்லால் கட்டி, மூலைகளுக்கு மட்டும் மஞ்சள் கல் வைத்திருக்கிறார். அதில் எது முகம், எது முதுகு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நடுவில் அகலமான கதவு, அதன் இரு பக்கமும் நிறக் கண்ணாடி, மேலே கூர்முகட்டு ஜன்னல் என்று அலங்காரமெல்லாம் உள்ள பக்கம் அயல்வீட்டு வேலியைப் பார்க்கிறது. ரோட்டைப் பார்ப்பதோ குனிந்து நுழையவேண்டிய ஒரு குட்டிக் கதவு. பழைய வீடு என்பதால் எதையும் மாற்ற சிட்டி நிர்வாகம் விடாது.

புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த ஐயரும் வீட்டைச் சுற்றிவந்து தலையைச் சொறிந்தார். கடைசியில், "ரோட்டுப் பக்கமே முன்வாசலாய் இருக்கட்டும்" என்றார். மனைவி அங்கே மாவிலை கட்டினாள்.

அப்போது வெக்ஸ்போர்ட்டிலிருந்து காரில் வந்துகொண்டிருந்த அக்கா போன் எடுத்தாள். அத்தான் போன வருடம் இறந்தபிறகு நல்ல காரியம் எதிலும் அவள் முன்னால் வருவதில்லை.

"தம்பி, நான் பின்பக்கத்தாலை வாறன். நீங்கள் பாலைக் காய்ச்சுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை வளர்த்தவள் என் வீட்டுக்குள் ஒளித்து வருவதா?

"எல்லாரோடையும் முன்னாலை வாங்கோ அக்கா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நல்ல நேரத்தில் வலது காலை வைத்து நுழைந்தோம். அது கரிபிடித்த பழைய செங்கல் அடுப்போடு ஒரு தாழ்ந்த அறை. உத்தரத்தில் என் தலை நன்றாக இடித்தது. மணியோடு ஐயர், பால் செம்போடு மனைவி, தலையைத் தடவியபடி நான். இருட்டான நடையைக் கடந்து கூடத்துக்கு வந்தோம்.

அங்கே அக்கா நின்றாள். பூட்டாமல் விட்டிருந்த நிறக் கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்தது. வேலிப் பக்கம் இருப்பதால் அதைப் பின்கதவென்று நினைத்திருக்கிறாள். எங்களைக் கண்டதும் சுவரோடு ஒடுங்கினாள்.

"பிழையான பக்கத்தாலை வந்திட்டன் போலை."

ஐயர் அந்தக் கதவையும் நாங்கள் வந்த வழியையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இல்லை மச்சாள். முந்தி ரோட்டு உந்தப் பக்கம் போயிருக்கும். நீங்கள்தான் முன்வாசலாலை வந்தனீங்கள். நாங்கள் வந்தது குசினியாலை."

சொல்லிவிட்டு, பால் செம்பை அவளிடம் நீட்டினாள். அக்கா வாங்காமல் என்னைப் பார்த்தாள். எது சரி, எது பிழை என்று எனக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"ஓம் அக்கா" என்றேன்.

அவள் செம்பை வாங்கி, "அப்ப அடுப்பு எங்கை?" என்று கேட்டாள். வந்த வழியைக் காட்டினோம். அக்கா முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.