மேசை மேல் இருந்த தக்காளி

1. திரும்பி வந்த நாள்

பிரசவ விடுப்பு முடிந்து, தருமபுரியில் நான் வேலை பார்க்கும் மனநல ஆலோசனை மையத்துக்குத் திரும்பிய அன்று, என் பழைய கேஸ் சாந்தி வாசலிலேயே கேட்டார்: "ஸ்டெல்லா மேடம் இல்லீங்களா? அவங்ககிட்டயே உக்காந்துக்கறேனுங்க." (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

சாந்தி மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி பயிரிடுபவர். கண் முன்னாலேயே டிராக்டர் கவிழ்ந்து கணவர் இறந்ததிலிருந்து தூக்கமில்லை. இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சோறாக்கக்கூட முடியவில்லை. என்னிடம் வந்த ஆறு செஷனும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர். ஸ்டெல்லாவிடம் பேசுகிறாராம், தூங்குகிறாராம்.

ஸ்டெல்லா எனக்கு ஜூனியர். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள், பௌத்த தியானம் கற்றுவந்து தெரபியோடு சேர்த்துச் செய்கிறாள். மூச்சைக் கவனிப்பது, வருகிற எண்ணத்துக்குப் பெயர் சொல்லிப் பார்ப்பது, பிறகு தனக்கும் பிறருக்கும் நலம் வேண்டுவது. "நல்லா வேலை செய்யுதுக்கா" என்றாள். சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது. வீட்டிலும் என் எட்டு மாதப் பிள்ளை மாமியார் தோளில்தான் தூங்குகிறாள்.

2. ஸ்டெல்லா லீவில் இருந்த வியாழன்

காய்ச்சல் என்று போன் செய்தாள். "அக்கா, சாந்தி அக்காவப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்."

"எனக்குத் தெரியாத கேஸா?" என்று வைத்துவிட்டேன். அவள் மேசையிலிருந்த தியானக் குறிப்பை முன்பே போட்டோ எடுத்திருந்தேன்.

சாந்தி வந்ததும் ஒரு தக்காளியை மேசை மேல் வைத்தார். "எதுக்குங்க இதெல்லாம்" என்று பையில் போட்டுக்கொண்டேன். அவர் பையையே பார்த்தார்.

"கண்ண மூடிக்கோங்க. மூச்ச மட்டும் பாருங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "டிராக்டரு சாயுதுங்க" என்று எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார். உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தேன். மூச்சு சீரானதும், "இனிமே நா வரலீங்க" என்று பஸ் ஏறிவிட்டார்.

3. போன்

கேஸ் நோட்டை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மறைத்தால் என் பெயர் தப்பும், சாந்தி வரமாட்டார். மறுநாள் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"கண்ண மூடச் சொல்லிட்டேன்."

"அய்யோ அக்கா! மூடுனா அவங்களுக்கு அந்த டிராக்டர்தான் கண்ணுல தெரியும். அதுக்குத்தான் தோட்டத்துல பறிச்ச தக்காளியக் கையில வச்சு, அதையே பாத்துட்டு மூச்சு விடச் சொல்லுவேன். தக்காளி எங்க?"

"ரசம் வச்சிட்டேன்."

சிரித்துவிட்டாள். "நல்லா இருந்துச்சா?" இப்படிச் சிரிக்க வருகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு சாந்தியிடம் பேசினேன். "தப்பு என்னுதுங்க, உங்களுதில்ல. திங்கக்கிழம ஸ்டெல்லா மேடம் இருப்பாங்க." நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

4. திங்கள்

ஆனால் வந்தார். அவர்கள் உள்ளே இருக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, குறிப்பின் கடைசிப் பயிற்சியைச் செய்தேன். முதிதை: பிறர் நன்மையில் மகிழ்வது. "ஸ்டெல்லாவின் வேலை சிறக்கட்டும்" என்று பத்து முறை சொன்னேன். ஒன்பது முறை பொய். பத்தாவது எப்படி என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். 'பொறாமை' என்று பெயர் சொல்லிப் பார்த்தேன். போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அடுத்தவர் முறையைத் தாளிலிருந்து எடுக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது கூச்சமாக இருந்தால், அன்று அந்த செஷனை எடுக்காதீர்கள்.

சாந்தி வெளியே வந்தார். வலது கையில் ஒரு தக்காளி அப்படியே இருந்தது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது வூட்டுக்குங்க. பாப்பாவுக்குப் பருப்புல போட்டுக் கடஞ்சு குடுங்க."